பில்டர் தொடங்கிய கட்சி: மார்பெயாவின் பதினைந்து ஆண்டுகள்

சர்வாதிகாரி பிராங்கோ இறந்து மக்களாட்சி திரும்பிய பிறகு, ஸ்பெயினில் ஒரு நகராட்சி மன்றத்தை மத்திய அரசு கலைத்ததே கிடையாது. 2006 ஏப்ரல் 7 அன்று முதல்முறையாகக் கலைத்தது. ஊரின் பெயர் மார்பெயா. தெற்கே, மலாகா மாகாணத்தில், மத்தியதரைக் கடலோரம் இருக்கிற பணக்கார ஊர். கலைத்த அன்று மேயர் சிறையில். துணை மேயர் சிறையில். நகரமைப்பு விவகாரங்களைக் கவனித்துவந்த ஆலோசகரும் சிறையில். மிச்சமிருந்த கவுன்சிலர்களை வைத்துக்கொண்டு மன்றத்தை நடத்தலாமா என்று பார்த்தார்கள். அவர்களில் பலர் மீதும் சந்தேகம் இருந்தது. ஒரு நிர்வாகக் குழுவை நியமித்து, அடுத்த தேர்தல் வரை ஊரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது மாட்ரிட்டில் இருந்த மத்திய அரசு.

இதை வெறும் லஞ்ச வழக்காகப் படித்தால் கதையில் பாதிதான் கிடைக்கும். லஞ்சம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மார்பெயாவில் நடந்தது வேறு. ஒரு கட்டுமான முதலாளி தன் தொழிலுக்குத் தேவையான அனுமதிகளை யாரிடமோ போய்க் கேட்டு நிற்பதற்குப் பதிலாக, அனுமதி தருகிற அலுவலகத்தையே தேர்தலில் ஜெயித்து எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு கட்சி தேவைப்பட்டது. தொடங்கினார். கட்சியின் பெயர் ‘குருப்போ இண்டிபெண்டியெண்டே லிபெரல்’, அதாவது சுதந்திர தாராளவாதக் குழு. முதலெழுத்துகளைச் சேர்த்தால் GIL, அதை ஸ்பானியத்தில் ‘ஹில்’ என்று படிப்பார்கள். அவருடைய குடும்பப் பெயரும் அதுவேதான். ஸ்பானிய வழக்கப்படி அப்பா குடும்பப் பெயரும் அம்மா குடும்பப் பெயரும் சேர்ந்து வரும். இவருக்கு இரண்டுமே ஹில். ஆக முழுப்பெயர் ஹெசுஸ் ஹில் இ ஹில். கொள்கை விளக்கம் என்று தனியாக எதுவும் தேவைப்படாத கட்சி.

ஹெசுஸ் ஹில் 1933-இல் சோரியா மாகாணத்தில் எல் புர்கோ தே ஓஸ்மா என்ற சிற்றூரில் பிறந்தவர். மாட்ரிட் வந்து கையில் கிடைத்த வியாபாரத்தையெல்லாம் செய்து, கடைசியில் நிலத்தில் காலூன்றினார். 1960-களில் செகோவியா பக்கம் லாஸ் ஆங்ஹெலெஸ் தே சான் ரஃபாயேல் என்ற பெயரில் ஒரு பெரிய குடியிருப்பு மனைத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே அவசர அவசரமாகக் கட்டிய ஒரு உணவு மண்டபத்தில் 1969 ஜூன் 15 அன்று ஒரு வணிக நிறுவனத்தின் மாநாட்டு விருந்து. நூற்றுக்கணக்கானோர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது தளம் இடிந்து விழுந்தது. 58 பேர் இறந்தார்கள். விசாரித்தால், முறையான கட்டட வரைபடமும் இல்லை, மேற்பார்வை பார்த்த கட்டடக்கலைஞரும் இல்லை. ஹில்லுக்குச் சிறைத்தண்டனை விழுந்தது. முழுதாக அனுபவிக்கும் முன்பே பிராங்கோவின் மன்னிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தார், மறுபடி கட்டினார்.

இருபத்திரண்டு வருடம் கழித்து இதே மனிதரை ஒரு ஊர் மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஊருக்கு அந்தப் பழைய கதை தெரியாது என்று நினைக்க வேண்டாம். தெரியும்.

நடுவில் ஒரு கால்பந்து கிளப் வந்தது. 1987-இல் அத்லெத்திகோ மாட்ரிட் கிளப்பின் தலைவர் பதவிக்குத் தேர்தல். போர்ச்சுகலின் போர்ட்டோ அணி அப்போதுதான் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. அதன் நட்சத்திரம் பாவ்லோ ஃபுத்ரேயைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லி, கூட்டியும் வந்து, ஹில் ஜெயித்தார். அதற்குப் பிறகு பயிற்சியாளர்களைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றினார். நடுவர்களைத் திட்டினார். பின்னாளில் எதிரணி நிர்வாகி ஒருவரைக் கேமராக்களின் முன்னாலேயே குத்தினார். விளையாட்டுப் பக்கத்தில் தினமும் அவர் பெயர் இருந்தது. பெரிய உடம்பு, கரகரத்த குரல், வாயில் வந்ததைப் பேசும் பேச்சு. பிரபலமாக இருப்பதற்கு நல்லவராக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த நான்கு வருடங்களில் அவர் கற்றுக்கொண்டிருப்பார்.

சரி, மார்பெயா ஏன்?

அந்த ஊருக்கு ஒரு முன்கதை உண்டு. மீன்பிடியும் விவசாயமுமாகக் கிடந்த கடலோர ஊர் அது. 1954-இல் அல்போன்சோ தே ஹோஹென்லோஹே என்ற பிரபு அங்கே ‘மார்பெயா கிளப்’ என்ற விடுதியைத் திறந்தார். ஐரோப்பாவின் பழைய ராஜ குடும்பங்களும் சினிமா நட்சத்திரங்களும் வரத் தொடங்கினார்கள். 1970-இல் புவெர்த்தோ பனூஸ் படகுத்துறை திறந்தது. எழுபதுகளில் சவூதி இளவரசர் ஃபஹத் வந்தார். பிறகு மன்னராகி, வெள்ளை மாளிகையைப் பார்த்துச் செய்ததுபோல ஒரு அரண்மனையையும் அங்கே வைத்துக்கொண்டார். அவர் பரிவாரத்தோடு வந்து இறங்கும் கோடையில் ஊரே சம்பாதித்தது.

எண்பதுகளின் கடைசியில் இந்தப் பளபளப்பு மங்கிவிட்டது. ஸ்பெயின் முழுக்கவே ஹெராயின் பரவியிருந்த காலம். மார்பெயாவில் வழிப்பறி, குப்பை, இருட்டுத் தெருக்கள். பணக்காரர்கள் வேறு இடம் பார்த்தார்கள். அவர்களை நம்பிப் பிழைத்த ஹோட்டல் பணியாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் வயிற்றில் அடி. நகராட்சியில் இருந்த சோசலிஸ்ட் கட்சி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹில்லுக்கு அங்கே நிலம் இருந்தது, பாதியில் நின்ற திட்டங்கள் இருந்தன, அனுமதி விஷயத்தில் நகராட்சியோடு தகராறும் இருந்தது. தன் முதலீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அரசியலுக்கு வருகிறேன் என்பதை அவர் பெரிதாக மறைக்கவும் இல்லை. என் நிலத்தின் விலை ஏறினால் உன் நிலத்தின் விலையும் ஏறும், என் ஹோட்டல் நிரம்பினால் உனக்கும் வேலை உண்டு என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். கேட்டவர்களுக்கு அதில் தப்பு தெரியவில்லை. உண்மையில், ஒரு வாக்காளராக நின்று யோசித்தால் அது முட்டாள்தனமான கணக்கும் இல்லை.

1991 மே மாதத் தேர்தலில் 25 இடங்களில் 19-ஐ அந்தப் புதுக் கட்சி அள்ளியது. மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு ஓட்டு.

முதல் சில வருடங்களில் அவர் செய்ததை இன்றைக்கும் மார்பெயாவில் நடுத்தர வயதுக்காரர்கள் சொல்வார்கள். தெருக்கள் கழுவப்பட்டன. பூச்செடி வந்தது, விளக்கு வந்தது, நடைபாதையில் பளிங்கு வந்தது. நகராட்சி போலீஸ் பெருகியது. தெருவில் படுத்திருந்தவர்கள், போதைக்கு அடிமையானவர்கள், பாலியல் தொழிலாளிகள் விரட்டப்பட்டார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் எல்லையில் நெடுஞ்சாலையின் குறுக்கே ‘மார்பெயா’ என்று பெயர் பொறித்த பிரம்மாண்டமான வளைவு எழுந்தது. ஊருக்கு நடுவிலிருந்து கடலுக்கு இறங்குகிற அவெனிதா தெல் மார் என்ற அகலமான நடைவழியில் புகழ்பெற்ற ஸ்பானியக் கலைஞர் சால்வதோர் தாலியின் வெண்கலச் சிற்பங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. மாலையில் பேரக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பளிங்குத் தரையில் நடக்கிற ஒரு பாட்டிக்கு நகராட்சிக் கணக்குப் புத்தகம் கண்ணில் படாது. பளிங்கு படும்.

கூடவே தொலைக்காட்சி. தனியார் சேனல்கள் ஸ்பெயினில் அப்போதுதான் தொடங்கியிருந்தன. 1991 கோடையில் டெலிசின்கோவில் ஹில்லுக்கென்று ஒரு நிகழ்ச்சி. பதவியில் இருக்கிற மேயர் நீச்சல் கால்சட்டையோடு குமிழி நீர்த்தொட்டியில் உட்கார்ந்து, சுற்றிலும் பிகினிப் பெண்கள் இருக்க, நாட்டு நடப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வார். இம்பெரியோசோ என்று அவருடைய குதிரை ஒன்று. அதனுடனும் உரையாடுவார். படித்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் பார்த்தார்கள். இன்று உலகத்தின் பல மூலைகளில் தொலைக்காட்சிப் புகழைப் பதவியாக மாற்றிக்கொண்டவர்களைப் பார்த்துவிட்ட நமக்கு இது பழக்கமான காட்சிதான். 1991-இல் இதற்கு முன்மாதிரி அதிகம் இல்லை.

இந்தச் செலவுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயத்தின் கரு. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

ஸ்பெயினில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொது நகரமைப்புத் திட்டம் உண்டு. எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எத்தனை மாடி, எது பூங்கா, எது பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது என்று அதில் இருக்கும். நகராட்சி வரைந்து தரும். மாநில அரசு, இங்கே அந்தலூசிய அரசு, ஒப்புதல் தர வேண்டும். மார்பெயாவில் சட்டப்படி நடப்பில் இருந்தது 1986-ஆம் ஆண்டுத் திட்டம். ஹில்லின் நகராட்சி தனக்கு வேண்டியபடி ஒரு திருத்தத் திட்டத்தை வரைந்தது. மாநிலம் அதற்குக் கடைசிவரை ஒப்புதல் தரவில்லை. நகராட்சியோ அதற்கு ஒப்புதல் வந்துவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டு அந்தத் தாளை வைத்தே கட்டட அனுமதி தந்தது. 1986 திட்டத்தில் பச்சையாக இருந்த இடத்தில் அடுக்குமாடி முளைத்தது.

நடைமுறை இப்படி. ஒரு பில்டரிடம் கடலைப் பார்த்த நிலம் இருக்கிறது, திட்டப்படி அதில் பத்து வீடுதான் கட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். அவர் நகராட்சியோடு ‘கொன்வேனியோ’ என்கிற நகரமைப்பு ஒப்பந்தம் ஒன்றைப் போடுவார். முப்பது வீட்டுக்கு அனுமதி கிடைக்கும். கூடுதலாகக் கிடைத்த இருபது வீட்டின் மதிப்பில் ஒரு பங்கை அவர் நகராட்சிக்குப் பணமாகவோ, ஃபிளாட்டாகவோ, வேறொரு நிலமாகவோ தர வேண்டும். ஒப்பந்தம் என்ற கருவி சட்டத்திலேயே இருப்பதுதான். விளையாட்டு மதிப்பீட்டில். நகராட்சிக்கு வர வேண்டியதைக் குறைவாகப் போட்டால், மிச்சத்தை எங்கே எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது இரண்டு பேருக்கு நடுவில் பேசித் தீர்க்கிற விஷயம். நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைகளிலும் இதே கதை. நகராட்சியின் நல்ல மனை போகும், பதிலுக்கு ஒன்றுக்கும் ஆகாதது வரும்.

இந்த வரவெல்லாம் நகராட்சிக் கருவூலத்துக்குள் போயிருந்தால் அங்கே தணிக்கை அதிகாரி உட்கார்ந்திருப்பார், கேள்வி கேட்பார். அதற்காகவே நகராட்சிக்குச் சொந்தமான தனி நிறுவனங்கள் வரிசையாகத் தொடங்கப்பட்டன. நகரமைப்பு வேலையைக் கையாள ‘பிளனேயாமியெந்தோ 2000’ என்று ஒன்று, மற்ற வேலைகளுக்கு இன்னும் பல. பணம் அவற்றின் வழியாகப் போனது, வந்தது, சில நேரம் போனதோடு சரி. ஊழியர்களுக்காகச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டியதைக்கூடக் கட்டாமல் விட்டார்கள். அந்தக் கடன் வட்டியோடு வளர்ந்து அடுத்தடுத்த நிர்வாகங்களின் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வெளிப்பூச்சு அடிக்க வீட்டுப் பத்திரத்தையே அடகு வைத்த மாதிரி.

மாநில அரசு சும்மா இருந்ததா என்றால், இல்லை. வழக்குப் போட்டது. ஒவ்வொரு அனுமதிக்கும் ஒவ்வொரு வழக்கு. தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். அதற்குள் கட்டடம் எழும்பி, விற்று, பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஓய்வுபெற்று வந்த தம்பதிகள் குடியேறி, பால்கனியில் பூந்தொட்டி வைத்திருப்பார்கள். யாரை இடிப்பது? கடற்கரையை ஒட்டி எழுந்த ‘பனானா பீச்’ என்ற குடியிருப்பு இந்தக் கதைகளுக்கெல்லாம் அடையாளமாகிவிட்டது. இடிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. நகரமைப்பு அதிகாரத்தையே நகராட்சியிடமிருந்து முன்னமே பறித்திருக்கலாம். அந்தத் துணிச்சல் மாநிலத்தில் ஆண்ட சோசலிஸ்டுகளுக்கு நெடுங்காலம் வரவில்லை. நாலில் மூன்று கவுன்சிலர்களை ஒரே கட்சிக்குக் கொடுத்த ஊரைத் தொட்டால், மக்கள் தீர்ப்பை மிதிக்கிறார்கள் என்று ஹில் கத்துவார் என்ற பயம் ஒரு காரணம். அது பொய்யான பயமும் இல்லை.

1995-இல் மறுபடி 19 இடம். பக்கத்து ஊரான எஸ்தெபோனாவில் அவர் மகன் மேயரானார். 1996-இல் அத்லெத்திகோ லீக்கையும் மன்னர் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது. மாட்ரிட் தெருக்களில் பெருங்கொண்டாட்டம். அவருடைய வாழ்க்கையின் உச்சி அது என்று சொல்லலாம்.

உச்சியில் இருப்பவருக்கு ஊர் போதவில்லை. 1999 தேர்தலில் கட்சி கடலோர ஊர்களில் பரவியதோடு, ஜிப்ரால்டர் ஜலசந்தியைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஸ்பானிய நகரங்களான செயுத்தாவிலும் மெலில்யாவிலும் நின்றது. செயுத்தாவில் 25-க்கு 12. மெலில்யாவில் 7. ஜிப்ரால்டரை ஒட்டிய லா லினியா ஊரிலும் மேயர் பதவி கிடைத்தது. செயுத்தாவில் பெரும்பான்மைக்கு ஓர் இடம் குறைந்தது. சோசலிஸ்ட் உறுப்பினர் ஒருவர் அணி மாறி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார், கட்சியின் அன்டோனியோ சாம்பியெத்ரோ நகரத் தலைவரானார். இங்கேதான் பெரிய கட்சிகள் விழித்துக்கொண்டன. மார்பெயாவில் நடந்தது ஒரு பணக்கார ஊரின் கூத்து. மொரோக்கோ எல்லையில் இருக்கும் இரண்டு நகரங்களை ஒரு பில்டரின் கட்சி பிடிப்பது நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வலதும் இடதும் இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்துகொண்டு, இரண்டு இடத்திலும் ஹில் கட்சியை ஆட்சியிலிருந்து தள்ளிவைக்க ஒப்பந்தம் போட்டன. 2001 தொடக்கத்துக்குள் செயுத்தா கையை விட்டுப் போனது. வேறு ஊர்களில் ஒட்டியவர்கள் எல்லாம் பதவிக்காக ஒட்டியவர்கள். பதவி போனதும் உதிர்ந்தார்கள்.

அதே 1999 ஜனவரியில் ஹில் முதல்முறையாக மார்பெயா விவகாரத்துக்காகச் சிறைக்குள் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். ‘சட்டை வழக்கு’ என்று அதற்குப் பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்லெத்திகோ வீரர்களின் சட்டையில் ‘மார்பெயா’ என்று எழுதியிருக்கும். ஊருக்கு விளம்பரமாம். நகராட்சிப் பணத்திலிருந்து 45 கோடி பெசெட்டா (ஸ்பெயினின் அன்றைய நாணயம்) அந்த வகையில் திருப்பிவிடப்பட்டது என்பது குற்றச்சாட்டு. தருகிற இடத்தில் மேயர் ஹில், வாங்குகிற இடத்தில் கிளப் தலைவர் ஹில். பேரம் பேச ஆளே தேவையில்லை. 1999 கடைசியில் கிளப்பின் நிர்வாகத்தையும் நீதிமன்றம் சிறிது காலம் தன் கையில் எடுத்தது. அந்தப் பருவத்திலேயே அத்லெத்திகோ இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2001-இல் மார்பெயா நீதிமன்றத்திலிருந்து அவர் தொடர்பான வழக்குக் கட்டுகள் காணாமலே போயின. கட்டுகளுக்குக் கால் முளைத்த கதை நமக்கும் புதிதில்லை என்பதால் அதை நீட்டவில்லை.

சட்டை வழக்கில் 28 வருடம் பதவி வகிக்கத் தடை. 2002 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஹில் மேயர் நாற்காலியை விட்டார். உட்கார்ந்தவர் ஹுலியன் முன்யோஸ், முன்னாள் உணவக ஊழியர், ஹில் தூக்கிவிட்டவர்.

2003 மே மாதம் தேர்தல் வந்தது. நிறுவனர் தண்டிக்கப்பட்டு வெளியே இருக்கிறார், ஊழல் கதைகள் தினமும் பத்திரிகையில். அப்படியும் மொத்தம் 27 இடங்களில் கட்சிக்கு 15. மறுபடியும் தனிப் பெரும்பான்மை. மார்பெயாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த எண்ணுக்கு வந்ததும் வாக்காளரைத் திட்டத் தொடங்குவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கட்டுமானம் ஓடிக்கொண்டிருந்தது. நகராட்சி வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அனுமதி சரியில்லாத வீட்டில் குடியிருப்பவர், அந்த அனுமதியைத் தந்த கட்சியே நீடிக்க வேண்டும் என்றுதான் நினைப்பார். எதிர்க்கட்சி வந்தால் வீடு என்ன ஆகும் என்று தெரியாது. கட்சி தன் ஓட்டுகளை சிமெண்டும் கம்பியுமாகக் கட்டி வைத்திருந்தது.

இப்போது ரோக்காவைப் பற்றி. ஹுவான் அன்டோனியோ ரோக்கா மார்பெயாவுக்குக் கார்த்தஹேனா பக்கத்திலிருந்து வந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹில் அவரை நகரமைப்பு நிறுவனத்துக்கு மேலாளராக வைத்தார். தேர்தலில் ஜெயித்து வந்த பதவி எதுவும் அவரிடம் கிடையாது. சத்தமில்லாத மனிதர். மேயர்கள் மேடையில் நிற்பார்கள், எந்த நிலத்தில் எத்தனை வீடு என்பதை இவர் முடிவு செய்வார். ஹில் போன பிறகு அதிகாரம் அனைத்தும் இந்த நாற்காலியில்தான் இருந்தது என்பதைக் கட்சிக்காரர்கள் எல்லோரும் புரிந்துவைத்திருந்தார்கள். முன்யோஸுக்கு மட்டும் அது புரியவில்லை, அல்லது புரிந்தும் தானே முதலாளியாகலாம் என்று பார்த்தார். ஜெயித்த சூட்டோடு ரோக்காவை ஓரங்கட்டினார். ஹில்லோடும் மோதல். அப்போதுதான் பாடகி இசபெல் பந்தோஹாவோடு முன்யோஸின் காதல் வார இதழ்களின் அட்டைக்கு வந்திருந்தது. நகரமைப்புச் சண்டையும் காதல் கதையும் ஒரே தொலைக்காட்சி அரங்குகளில் கலந்து ஓடின.

2003 ஆகஸ்ட் 13. நம்பிக்கையில்லாத் தீர்மானம். முன்யோஸின் சொந்தக் கட்சியிலிருந்தே எட்டுப் பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். கூட மூன்று சோசலிஸ்டுகள், மூன்று அந்தலூசியக் கட்சியினர். எட்டும் ஆறும் பதினாலு, 27-க்குச் சரியான பெரும்பான்மை. மரிசோல் யாகுவே மேயரானார். துணைக்கு வந்தவர் சோசலிஸ்ட் அணியின் இசபெல் கார்சியா மார்கோஸ். பன்னிரண்டு வருடம் ஹில்லை எதிர்த்து மன்றத்தில் குரல் கொடுத்து, வழக்குகளுக்கு வழிசெய்து, ஊழலுக்கு எதிரான முகமாக நாடு முழுக்க அறியப்பட்ட பெண்மணி அவர். இந்தக் கதையில் எனக்கு எப்போதும் உறுத்துவது ரோக்காவோ ஹில்லோ இல்லை, இவர்தான். பதினைந்து இடம் ஜெயித்த கட்சி மூன்றே மாதத்தில் இரண்டாகப் பிளந்தது, எந்தக் கொள்கைக்காகவும் பிளக்கவில்லை. பிளந்த பிறகும் ரோக்கா தன் இடத்தில் அப்படியே இருந்தார். இப்போது அவரிடம் மூன்று கட்சிக்காரர்கள்.

ஹில் 2004 மே 14 அன்று மாட்ரிட்டில் பக்கவாதத்தால் இறந்தார். வயது 71. கால்பந்து மைதானத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்தப் பெருங்கூட்டம் வந்தது. அப்புறம் அந்தக் கட்சியின் பெயரைச் சுமந்து நடக்க யாருமில்லை.

மார்பெயாவில் மிகேல் ஆங்ஹெல் தோரெஸ் என்ற இளம் நீதிபதி இருந்தார். அதற்கு முன் வந்த வழக்குகள் ஒவ்வொரு அனுமதியாக, ஒவ்வொரு காசோலையாகத் துரத்தின. இவர் ரோக்காவின் சொத்திலிருந்து பின்னோக்கி நடந்தார். பினாமி நிறுவனங்கள், அவற்றின் பின்னால் வேறு நிறுவனங்கள், தொலைபேசி ஒட்டுக்கேட்பு. 2006 மார்ச் 29 அன்று ‘ஆபரேஷன் மலாயா’ என்ற பெயரில் போலீஸ் கதவுகளைத் தட்டியது. ரோக்காவிடம் பண்ணை, பந்தயக் குதிரைகள், சண்டைக் காளைகள், ஹெலிகாப்டர், மாட்ரிட்டில் பழைய மாளிகைகள், வேட்டையாடிப் பாடம் செய்த மிருகத் தலைகள் என்று பட்டியல் நீண்டது. குளியலறையில் புகழ்பெற்ற ஓவியர் மிரோவின் ஓவியம் ஒன்று தொங்கிய செய்தியை ஸ்பெயின் இன்னமும் மறக்கவில்லை. முடக்கிய சொத்துகளின் மதிப்பு 240 கோடி யூரோ என்று அப்போது அறிவித்தார்கள். கார்சியா மார்கோஸ் தேனிலவு முடித்து ரஷ்யாவிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்தில் கைதானார். வீட்டில் லட்சக்கணக்கில் ரொக்கம் இருந்தது.

எல்லாவற்றையும்விட ருசியான பொருள் குளியலறை ஓவியம் இல்லை, கணக்குத்தாள். ரோக்காவின் அலுவலகத்தில் யாரிடம் எவ்வளவு வாங்கியது, யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். பெயருக்குப் பதில் முதலெழுத்துகள். பில்டர்களிடமிருந்து வரவு, கவுன்சிலர்களுக்கு உறையில் பட்டுவாடா. தன் பங்கு சரியாக வந்ததா என்று கேட்கிறவர்கள் இருந்ததால்தானே கணக்கு வைக்க வேண்டியிருந்தது! அந்த முதலெழுத்துகளைக் கவுன்சிலர்களின் பெயரோடு பொருத்திப் பார்ப்பதுதான் வழக்கின் பெரும்பகுதியாக ஆனது. வாங்கியவர்கள் அது தங்கள் பெயர் இல்லை என்றார்கள்.

அந்தலூசியக் கட்சியின் கார்லோஸ் ஃபெர்னாண்டஸ் தன்னையும் தேடுகிறார்கள் என்று தெரிந்தபோது ஸ்பெயினின் புனிதத்தலமான சந்தியாகோவுக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்தார். யாத்திரையிலிருந்து அப்படியே மறைந்தவர் 2017-இல்தான் அர்ஜென்டினாவில் பிடிபட்டார்.

விசாரணை 2010 செப்டம்பரில் மலாகாவில் தொடங்கியது. 95 பேர் மீது வழக்கு. கிட்டத்தட்ட இரண்டு வருடம் நடந்தது. 2013 அக்டோபரில் வந்த தீர்ப்பு ஐயாயிரம் பக்கங்களைத் தாண்டியது. ரோக்காவுக்கு 11 வருடம் சிறை, 24 கோடி யூரோ அபராதம். உச்ச நீதிமன்றம் 2015-இல் அதை 17 வருடமாக ஆக்கியது. யாகுவேவுக்கு 6, கார்சியா மார்கோஸுக்கு 4. முன்யோஸுக்கு இந்த வழக்கில் 2 வருடம்தான். ஆனால் நகரமைப்பு வழக்குகள் அவர் மேல் வேறு பல இருந்தன. பைகளில் ரொக்கம் வீட்டுக்கு வரும் என்று அவருடைய முன்னாள் மனைவி தொலைக்காட்சியில் சொன்னதை ஊரே கேட்டது. பணமோசடி வழக்கில் பந்தோஹாவும் தண்டிக்கப்பட்டு 2014-இல் சிறைக்குப் போனார். கோடிக்கணக்கான ரசிகர்களுக்கு மார்பெயா வழக்கில் ஞாபகம் இருப்பது அந்த ஒரு காட்சிதான். குத்துமதிப்பாகப் போட்ட நில மதிப்பு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கட்சியின் சாவு எப்போது நடந்தது என்று குறிப்பிட்டுச் சொல்வது கடினம். தோற்று இறந்த கட்சியல்ல அது. கடைசியாக முழு பலத்தோடு நின்ற தேர்தலிலும் ஜெயித்தது. 2007 மே மாதம் அடுத்த தேர்தல் நடந்தபோது வலதுசாரி மக்கள் கட்சி தனிப் பெரும்பான்மையோடு வந்தது, ஆங்ஹெலெஸ் முன்யோஸ் மேயரானார். ஹில்லுக்கு ஓட்டுப் போட்ட கைகள்தான் பெரும்பாலும் இங்கேயும் போட்டிருக்க வேண்டும். வேறு எங்கே போயிருக்கும்? ஒரு மனிதரின் பெயரை எழுத்துக்கூட்டி உருவான கட்சிக்கு அலுவலகமும் கிளையும் தொண்டர் படையும் இருந்ததா என்று தேடினால், நகராட்சிக் கட்டடம் ஒன்றுதான் கிடைக்கும். அதன் சாவி கைமாறியதும் கட்சியும் முடிந்துபோனது.

வீடுகள் மட்டும் போகவில்லை. 1986 திட்டத்துக்கு விரோதமாக எழுந்து நின்ற ஆயிரக்கணக்கான வீடுகளை என்ன செய்வது என்று புதிய நிர்வாகமும் மாநில அரசும் உட்கார்ந்து பேசி, 2010-இல் ஒரு புதிய பொதுத் திட்டம் கொண்டுவந்தன. பில்டர்கள் நிலமாகவோ பணமாகவோ நகராட்சிக்கு ஈடு கொடுக்க வேண்டும், அதற்குப் பதிலாக சுமார் 16,500 வீடுகள் சட்டத்துக்குள் வரும் என்பது ஏற்பாடு. பல நிறுவனங்கள் அதற்குள் திவாலாகியிருந்தன, ஈட்டை யார் தருவது என்று குடியிருந்தவர்கள் பயந்தார்கள். வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. நடந்துவிட்ட சட்டமீறலை நேர்செய்வதற்காக ஒரு நகரத் திட்டத்தை வளைக்க முடியாது என்று சொல்லி 2015-இல் அந்தத் திட்டத்தையே நீதிமன்றம் ரத்து செய்தது. நடப்புச் சட்டம் மறுபடி 1986-க்குப் போய்விட்டது. அந்த வருடம் மார்பெயாவில் ஃபிளாட் விற்கப் போனவர், ஐந்து வருடமாகச் சட்டபூர்வமாக இருந்த தன் வீடு, முப்பது வருடத்துக்கு முந்தைய வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்தார்.